எந்த அகராதியை எப்போது திறப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அகராதியைப் பார்" என்று சொல்பவர்கள் எந்த அகராதி என்று சொல்வதில்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதென்றால் பலர் வீட்டிலும் ஒரு பழைய லிப்கோ இருக்கும், வேலை முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லுக்கே பொருள் தேடும்போதுதான் தடுமாற்றம். கைபேசியில் தட்டினால் நான்கு தளங்கள் நான்கு பொருள் சொல்கின்றன. ஒன்றில் அந்தச் சொல்லே இல்லை. இன்னொன்றில் பதினைந்து பொருள் வரிசையாக நிற்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

பழைய பாடல்களை வாசிக்கத் தொடங்கியிருப்பவர்கள், மொழிபெயர்ப்பில் கால் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் வளர்ந்து தமிழை இப்போதுதான் எழுத்தில் பிடிக்க முயல்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அகராதிகளின் வகைகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் ஒரு பயனும் இல்லை. உங்கள் கேள்வி என்ன என்பது தெளிவானால், எந்த வகை அகராதி வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அந்த வரிசையிலேயே போகலாம்.

முதல் படி: கேள்வி எந்த வகை?

இந்தப் படியை எனக்கு முன்பே ஒருவர் அழகாகச் செய்து வைத்திருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். சதுர் என்றால் நான்கு. அந்த நூல் நான்கு தனி அகராதிகளாகப் பிரிந்திருக்கும்.

பெயரகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் அதற்குரிய பல பொருள்கள் கிடைக்கும். பொருளகராதி இதற்கு நேர் எதிர்: பொருள் தெரியும், அதற்கு வேறென்ன சொற்கள் உண்டு என்று பார்ப்பதற்கானது. தொகையகராதியில் ஐம்பூதம், மூவேந்தர் போன்ற தொகைச் சொற்களைப் பிரித்து, அவற்றுக்குள் யார் யார், எது எது என்று சொல்லியிருக்கும். தொடையகராதி பாட்டு எழுதுகிறவர்களுக்கு. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை, அதாவது எதுகைக்கு உதவும் சொற்களை, சேர்த்து வைத்திருக்கும்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகியும் இந்தப் பிரிவு பழசாகவில்லை. நீங்கள் அகராதியைத் திறக்கும்போது கேட்பது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்: இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இந்தப் பொருளுக்கு என்ன சொல்? இந்தத் தொகுப்பில் என்னென்ன? இதனோடு எது ஒத்து ஒலிக்கும்? இன்றைய வாசகருக்கு இன்னும் இரண்டைச் சேர்க்கலாம்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதை யார், எந்த ஊரில், எந்தக் காலத்தில் புழங்குகிறார்கள்?

வீரமாமுனிவர் இதை வெறுங்கையில் தொடங்கவில்லை. அவருக்கு முன்பு தமிழில் இருந்தவை நிகண்டுகள், அதாவது செய்யுளில் அமைந்த சொல் தொகுப்புகள். இன்று கிடைப்பவற்றில் பழையது திவாகரம், அதையடுத்துப் பிங்கலம். பிற்காலத்தில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் இருந்ததால் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். நிகண்டில் அகர வரிசை கிடையாது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுதிகள் இருக்கும். திவாகரத்திலும் சூடாமணியிலும் அவை பன்னிரண்டு. பதினொன்றாம் தொகுதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள். பன்னிரண்டாம் தொகுதியில் தொகைப் பெயர்கள். மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு இது அருமையான கருவி. தெரியாதவருக்கு நிகண்டுக்குள் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. சிதம்பர ரேவண சித்தர் 1594இல் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கினார். அகரத்தை ஆதியாகக் கொண்டது என்ற பொருளில் 'அகராதி' என்ற பெயர் அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது.

இரண்டாம் படி: வரிசையைப் பழகுங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அ ஆ இ ஈ தெரியாதா என்று. தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

உயிர் பன்னிரண்டு, அதையடுத்து ஆய்தம், பிறகு மெய்: க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன. கடைசி நான்கைக் கவனியுங்கள். ழ, ள, ற, ன இந்த வரிசையில் வருவது பழகாதவர்கள் 'மறதி'யை 'மரம்' பக்கத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மல, மவ, மழ, மள எல்லாம் வந்து போயிருக்கும்.

அடுத்தது புள்ளி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதியான தமிழ் லெக்சிகனிலும், க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதியிலும் (இரண்டையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும். ஆகவே அஃறிணை, அதன் பிறகு அக்கா, அதன் பிறகுதான் அகம். பழைய அகராதிகளில் இந்த இடம் மாறியிருக்கலாம். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் அந்த எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜ, ஷ, ஸ, ஹ வரும் சொற்களை க்ரியா போன்ற தற்கால அகராதிகள் அப்படியே தரும். சில அகராதிகள் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தரும். ஜன்னலைச் சன்னலிலும் பாருங்கள். ரத்தம் இரத்தத்திலும், லட்சம் இலட்சத்திலும், லோகம் உலோகத்திலும் இருக்கலாம். ர, ல இரண்டும் சொல்லுக்கு முதலில் வராது என்ற பழைய இலக்கண விதிதான் இதற்குக் காரணம்.

கணினியில் சொற்பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோட் எண்வரிசை தமிழ் அகரவரிசை கிடையாது. அதில் ந-வை அடுத்து ன வரும், ர-வை அடுத்து ற வரும், ழ-வுக்குப் பிறகுதான் வ வரும். மொழிக்குரிய வரிசைமுறை தெரியாத மென்பொருளில் பட்டியலை அடுக்கச் சொன்னால் இந்தக் குளறுபடியோடுதான் வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

பழைய பதிப்புகளின் படப்பிரதிகளை வாசிக்கும்போது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் வடிவம் வேறு. பத்துப் பக்கம் வாசித்தால் கண் பழகிவிடும்.

மூன்றாம் படி: சொல்லின் தலையைக் கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் "அகராதியில் இல்லை" என்று சொல்லும் சொற்களில் பெரும்பாலானவை அகராதியில் இருக்கும். அவர்கள் தேடிய வடிவத்தில்தான் இல்லை. தமிழில் சொல்லின் வால் நீளும், தலையும் சில சமயம் மாறும். வாலை வெட்டத் தெரிய வேண்டும்.

பெயர்ச்சொல்லில் இது எளிது. மரத்தில் என்பதற்கு மரம், ஆற்றில் என்பதற்கு ஆறு, வீட்டை என்பதற்கு வீடு. வினைச்சொல்தான் ஏமாற்றும். வந்தான் என்றால் வா. தந்தேன் என்றால் தா. கண்டார் என்றால் காண். சென்றாள் என்றால் செல். நின்றது என்றால் நில். கேட்டான் என்றால் கேள். வெந்தது என்றால் வே, நொந்தான் என்றால் நோ. இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தலைச்சொல்லாக வினையை எப்படி அச்சிட்டிருக்கிறார்கள் என்பதும் அகராதிக்கு அகராதி மாறும். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனில் வினைகள் அழி-தல், அழி-த்தல் என்று நடுவில் சிறு கோட்டோடு இருக்கும். முதலாவது தானாக அழிவது, இரண்டாவது ஒன்றை அழிப்பது. இரண்டும் தனித்தனிப் பதிவுகள். சேர்-தல், சேர்-த்தல், படி-தல், படி-த்தல் எல்லாம் இப்படித்தான். க்ரியா அகராதியில் அழி என்ற வேரை மட்டும் கொடுத்து, பக்கத்தில் அழிய, அழிந்து என்றோ அழிக்க, அழித்து என்றோ அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். உங்கள் வாக்கியத்தில் இருப்பது அழிந்ததா அழித்ததா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

செய்யுள் என்றால் இன்னும் ஒரு வேலை கூடும்: சந்தி பிரிப்பது. 'நற்றாள் தொழாஅர் எனின்' என்ற குறளடியில் நற்றாளை நல் என்றும் தாள் என்றும் பிரித்தால்தான் வழி திறக்கும். தொழாஅர் என்பதில் நடுவில் நிற்கும் அ ஓசைக்காக வந்த அளபெடை. அதை எடுத்துவிட்டால் தொழார், அங்கிருந்து தொழு. பிரித்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. தாள் என்றால் இன்று நம் மனத்தில் வருவது காகிதம். குறளுக்கு வேண்டியது திருவடி. அடுத்த படி இதைப் பற்றித்தான்.

நான்காம் படி: பனுவலின் காலத்துக்கு ஏற்ற அகராதி

இன்று எழுதப்பட்ட கதை, செய்தி, கட்டுரை என்றால் முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவாக்கிய இரண்டாவது, 2020இல் மூன்றாவது. தமிழ்ப் பொருளும் ஆங்கிலப் பொருளும் சேர்ந்தே இருக்கும். பழைய அகராதிகளை வெட்டி ஒட்டாமல், புழக்கத்தில் உள்ள எழுத்துகளைத் திரட்டி அதிலிருந்து பொருளை வகுத்தார்கள் என்பதுதான் இதன் பெருமை. எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் இதன் உயிர். ஒரு சொல்லை எதனோடு சேர்த்துச் சொல்வது என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருள் விளக்கத்தை விட அந்த வாக்கியங்கள்தான் சொல்லிக் கொடுக்கும். இலங்கை வழக்குகளையும் குறியிட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு தமிழ் அகராதிதான் வாங்க முடியும் என்றால் என் பரிந்துரை இதுதான்.

சங்கப் பாட்டு, காப்பியம், தேவாரம், பிரபந்தம் என்றால் க்ரியாவை மூடி வையுங்கள். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. அங்கே வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1913இல் வேலை தொடங்கியது. மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் முதல் பதிப்பாசிரியர். பின்னால் பொறுப்பேற்று 1936இல் ஆறு தொகுதிகளாக முடித்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. அதன் பிறகு ஒரு பிற்சேர்க்கைத் தொகுதியும் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இதற்கு இணையான பரப்பும் மேற்கோள் ஒழுங்கும் உள்ள வேறொன்றைத் தேடினால் கஷ்டப்படுவீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. தலைச்சொல்லில் மட்டுமின்றி விளக்கம் முழுவதிலும் தேடலாம் என்பதால், ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து அது எந்தெந்தத் தமிழ்ச் சொற்களின் விளக்கத்தில் வருகிறது என்று தலைகீழாகவும் பார்க்கலாம். வீரமாமுனிவரின் பொருளகராதி செய்த வேலை இது.

அதே தளத்தில் வின்சுலோவின் 1862ஆம் ஆண்டுத் தமிழ்–ஆங்கில அகராதியும் இருக்கிறது. அது யாழ்ப்பாணத்து மிஷன் உழைப்பின் மேல் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உரைநடை, சோதிடம், வைத்தியம், சடங்கு பற்றிய சொற்களுக்கு நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபெப்ரீசியஸ் அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சானது. பிற்காலப் பதிப்புகள் தரங்கம்பாடியிலிருந்து வந்தன. ஒரு வேர்ச்சொல்லின் கீழ் அதிலிருந்து பிறந்த சொற்களையும் தொடர்களையும் சேர்த்துக் கொடுப்பது அதன் முறை. தேடுவது கொஞ்சம் சிரமம், ஆனால் ஒரு சொல்லின் குடும்பமே ஒரே இடத்தில் கண்ணில் படும். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1679இல், கேரளத்து அம்பழக்காட்டில் புரோயன்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சானது. தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் அதன் பிரதியைக் கண்டெடுத்து, 1966இல் மலேசியாவில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். புதியவருக்கு உடனே தேவைப்படாது. பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ் எப்படி இருந்தது என்று ஆர்வம் வந்தால் ஞாபகம் வைத்திருங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவர்களுக்கு, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் கைகொடுக்கும். கணினிச் சொற்களை அதில் தேடாதீர்கள்.

வட்டாரச் சொல் என்றால் பெரிய அகராதிகள் கையை விரிக்கும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் காட்டுச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டதுதான் இந்தத் துறையில் பெரிய திறப்பு. அப்புறம் கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகனும் நடுநாட்டுச் சொற்களைக் கண்மணி குணசேகரனும் தொகுத்தார்கள். மூவரும் நாவலாசிரியர்கள். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைக் கதை எழுதுகிறவர்கள் செய்ய வேண்டி வந்தது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

கலைச்சொல் என்றால் முதலில் நாட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் வேதியியல் என்பதை இலங்கைப் பாடநூல் இரசாயனவியல் என்கிறது. இங்கே இயற்பியல், அங்கே பௌதிகவியல். இங்கே ஹைட்ரஜன், அங்கே ஐதரசன். இரண்டும் சரி. கலந்து எழுதினால்தான் தவறு. யாழ்ப்பாணத்து மாணவருக்கு எழுதும்போது சென்னைக் கலைச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அரசு அலுவலகக் கடிதங்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஆட்சிச்சொல் அகராதி இருக்கிறது. துறைச்சொற்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தையும் விக்சனரியையும் பார்க்கலாம். விக்சனரியை யாரும் திருத்தலாம். அதுவே அதன் பலம், அதுவே பலவீனம். ஒரு பதிவில் எடுத்துக்காட்டோ ஆதாரமோ இருந்தால் நம்பலாம். ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் வேறொரு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சொல் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. அதில் சண்டையும் உண்டு. லெக்சிகன் பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டுகிறது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் தேவநேயப் பாவாணர். அவரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தமிழ்நாடு அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியது. 1981இல் அவர் காலமானார். முதல் மடலம் (தொகுதி) 1985இல் வந்தது, முழுப்பணி 2011இல் முடிந்தது. இன்னொரு பக்கம் மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கிலிருந்து தோடா, கோண்டி வரை இனச்சொற்களை ஒரே எண்ணின் கீழ் அடுக்கியிருக்கிறார்கள். மூல வடிவம் இதுதான் என்று ஊகித்து எழுதுவதில்லை, சான்றை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பாவாணர் வழியைப் படியுங்கள், சொல்லைச் சொல்லோடு இணைத்துப் பார்க்கும் அவர் கண் கூர்மையானது. ஆனால் ஒரு சொற்பிறப்பைக் கட்டுரையில் உறுதியாக எழுதும் முன் பரோ–எமனோவையும் புரட்டிவிடுங்கள்.

பெயர்கள், புராணப் பாத்திரங்கள், தலங்கள் என்றால் அது அகராதியின் வேலையே இல்லை. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. கதை வேண்டுமென்றால் அதில் கிடைக்கும். அறிவியலும் வரலாறும் வேண்டுமென்றால் பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள். மரபுத்தொடருக்கு மொழி அறக்கட்டளையின் தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி. ஒரு சொல் சங்க நூல்களில் எங்கெல்லாம் வருகிறது என்று அறியச் சொல்லடைவுகள் இருக்கின்றன. அவை பொருள் சொல்லாது, இடத்தை மட்டும் காட்டும்.

ஐந்தாம் படி: பதிவை முழுவதும் வாசியுங்கள்

அகராதியின் முதல் சில பக்கங்களைத் தாண்டிவிட்டு நேராகச் சொல்லுக்குப் போவது எல்லோருக்கும் வழக்கம். குறுக்க விளக்கப் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அதைப் படிக்காமல் லெக்சிகனைப் பயன்படுத்துவதில் பாதிதான் பயன்.

லெக்சிகன் பதிவில் தலைச்சொல், உரோமன் எழுத்துப்பெயர்ப்பு, சொல்வகை, இனமொழிச் சொற்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள் என்று வரும். உரோமன் எழுத்து உச்சரிப்பைக் காட்டாது, எழுத்தைத்தான் காட்டும். 'தீவினை' என்ற பொருளில் வரும் பாவமும் நடனத்தில் முகம் காட்டும் பாவமும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும். உச்சரிப்பை வாயால் சொல்லக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

மேற்கோள்தான் பதிவின் முக்கியமான பகுதி. குறள், சிலப்., புறநா. என்று நூற்பெயர் இருந்தால் அந்தப் பொருளில் அந்தச் சொல் உண்மையாகவே ஓரிடத்தில் ஆளப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். திவா., பிங்., சூடா. என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். நிகண்டு சொல்கிறது என்பதே அங்கே சான்று. பாட்டில் யாராவது அப்படி எழுதியிருக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆங்கில டபிள்யூ எழுத்து மட்டும் இருந்தால் வின்சுலோவிலிருந்து எடுத்தது. ஜே என்றால் யாழ்ப்பாண வழக்கு. பேச்சு வழக்குக்கும் ஊர் வழக்குக்கும் தனிக் குறிகள் உண்டு. பழந்தமிழ் போலத் தோன்றும் அழகான சொல் ஒன்று கிடைத்துவிட்டது என்று கவிதையில் போடுகிறவர்கள் இந்தக் குறிகளை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் பல வேடிக்கைகள் நடந்திருக்காது.

தலைச்சொல்லுக்கு மேல் சிறிய எண் இருந்தால் ஒரே எழுத்துக்கூட்டில் வேறு சொற்கள் இருக்கின்றன என்று பொருள். ஆறு என்று தேடினால் நதியும் எண்ணும் வழியும் தணிவதும் வரும். முதலாவதைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆறாம் படி: ஒரே சொல்லோடு ஒரு சுற்று

பயிற்சிக்கு 'கலம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய சொல், நல்ல அலைச்சல் உள்ள சொல்.

முதலில் இன்றைய புழக்கம். தனியாக அதிகம் வராது. விண்கலம், மின்கலம், உண்கலம், அணிகலன், படைக்கலம் என்று கூட்டாக வரும். ஏவுகணைச் செய்தியை வாசிப்பவருக்கு இவ்வளவே போதும். இனி லெக்சிகன். பாத்திரம், கப்பல், நகை, யாழ் என்று பொருள்கள் விரியும். முகத்தலளவையும் உண்டு: பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். குத்தகைச் சீட்டிலோ கல்வெட்டிலோ 'நூறு கலம் நெல்' என்று வந்தால் அங்கே பானையை எண்ணக் கூடாது. நிகண்டுக்குப் போனால் இவை எல்லாம் ஒரு சொற் பல்பொருள் தொகுதியில் செய்யுளாகச் சுருங்கி நிற்கும். மலையாளத்துக்குப் போனால் கலம் இன்றும் அடுப்பில் ஏறும் பானை. இலங்கை உயிரியல் பாடநூலைத் திறந்தால் கலம் என்பது உடலின் அடிப்படை அலகு. தமிழ்நாட்டுப் பாடநூல் அதையே செல் என்கிறது.

இதில் எந்த அகராதியும் பொய் சொல்லவில்லை. கப்பல் வரும் பாட்டுக்குப் பானையையும், குத்தகைச் சீட்டுக்கு நகையையும் பொருத்தாமல் இருப்பது உங்கள் பொறுப்பு. வாக்கியத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பொருள்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பாருங்கள். இரண்டு பொருந்துவது போலிருந்தால் மேற்கோள் உங்கள் நூலின் காலத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அதை எடுங்கள். உரையாசிரியர் இருக்கும் நூல் என்றால் அவர் என்ன சொல்கிறார் என்றும் பாருங்கள்.

மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றிக் கேட்பார்கள். அவசரத்துக்கு ஆகும். அவை ஒரு பொருளை எடுத்து நீட்டும், ஏன் அதை எடுத்தது என்பதற்கு மேற்கோள் காட்டாது. அதனால் அவை சொன்னதை அகராதியில் தேடும் முதல் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயும் இல்லையென்றால்

முதலில் எழுத்தைச் சந்தேகியுங்கள். ர, ற, ல, ள, ழ, ந, ன, ண. மாற்றிப் போட்டுத் தேடுங்கள். குறிலை நெடிலாக்கிப் பாருங்கள். ஐ என்பதை அய் என்றும், ஔ என்பதை அவ் என்றும் எழுதியிருக்கலாம். அப்புறம் சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அது ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ என்று யோசியுங்கள். உருது, போர்த்துக்கீசியம், டச்சு வழியாக வந்த சொல்லாக இருந்தால் லெக்சிகனே அதன் மூலத்தைப் பல இடங்களில் குறித்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால் உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு வட்டாரத்தின், ஒரு தொழிலின் சொல். மீன்பிடி, நெசவு, பனைத்தொழில், மண்பாண்டம் ஆகியவற்றின் சொற்கள் இன்னும் எத்தனையோ ஏட்டில் ஏறவில்லை. அந்தத் தொழில் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கேளுங்கள். கேட்கும்போது "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்காமல் "இதை எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டால் நல்ல பதில் வரும். சொல், அவர் சொன்ன வாக்கியம், ஊர், தொழில், கேட்ட தேதி ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் உறுதியானதும் விக்சனரியில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஏற்றிவிடலாம். அதற்குக் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் போதும்.